வந்தே ஆகவேண்டியவர்கள்: மந்தகாலத்து மலாக்காவில் தங்கும் வீடு நடத்துதல்

2009-ஆம் ஆண்டு மலேசியப் பொருளாதாரம் ஒன்றரை விழுக்காடு சுருங்கியது. அதே ஆண்டில் நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 2 கோடியே 36 லட்சம் பேர். முந்தைய ஆண்டைவிட இது ஏறத்தாழ 16 லட்சம் அதிகம். அதற்குப் பதினோரு ஆண்டு முன்னால் கதை வேறாக இருந்தது. 1998-இல் பொருளாதாரம் 7.4 விழுக்காடு வீழ்ந்தபோது, 1996-இல் 71 லட்சமாக இருந்த பயணிகள் 55 லட்சத்துக்கு இறங்கினார்கள். 2020-இலும் பொருளாதாரமும் வருகையும் சேர்ந்தே கவிழ்ந்தன. முந்தைய ஆண்டு 2 கோடியே 61 லட்சம் பேர் வந்த நாட்டுக்கு அந்த ஆண்டு வந்தவர்கள் 43 லட்சம். அவர்களிலும் பெரும்பாலோர் மார்ச் மாதத்துக்கு முன்பே வந்துபோனவர்கள்.

மந்தம் வந்தால் விடுதி படுத்துவிடும் என்று பொதுவாகச் சொல்வது இந்த எண்களுக்கு முன்னால் நிற்காது. 1998 ஜனவரியில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.88 ரிங்கிட் வரை போனது. வெளியாருக்கு மலேசியா அவ்வளவு மலிவாக இருந்தும் கூட்டம் வரவில்லை. வரக்கூடிய தாய்லாந்துக்காரர், இந்தோனேசியர், கொரியர் எல்லாரும் அதே காய்ச்சலில் படுத்திருந்தார்கள். போதாக்குறைக்கு 1997-இன் புகைமூட்டமும் நாட்டின் பெயரைக் கெடுத்திருந்தது. 2009-இல் நோய் மேற்கே இருந்தது. தூரதேசப் பயணத்தைக் கைவிட்ட சிங்கப்பூர்க் குடும்பங்கள் காரை எடுத்துக்கொண்டு பாலம் கடந்தன. அந்த ஆண்டு வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சிங்கப்பூரிலிருந்து வந்தவர்களே. 2020-இல் பணம் இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை, கோவிட் தொற்றால் சாலையையே மூடிவிட்டார்கள்.

மலாக்காவில் மூன்று நான்கு அறை வைத்து, படுக்கையும் காலைப் பசியாறலும் கொடுத்துப் பிழைக்கிற குடும்பம் தேசிய வருமானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. அதற்கு இரண்டு கேள்விகள்தான். வீடு யாருடையது, அதன் மேல் எவ்வளவு கடன் நிற்கிறது? வருகிறவர் ஆசைப்பட்டு வருகிறாரா, வந்தே ஆகவேண்டியிருப்பதால் வருகிறாரா? விலைக் குறைப்பு, விளம்பரம், இணையத்தில் விழும் நட்சத்திரம் எல்லாம் இந்த இரண்டுக்கும் பின்னால்தான் வரும். மலாக்கா மாநிலத் தமிழரின் வீட்டுக் கதையையும் விருந்தாளிக் கதையையும் வைத்தே இதைச் சொல்ல முடியும்.

மலாக்கா தழைத்ததே காத்திருப்பவர்களை வைத்துத்தான். பருவக்காற்றில் வந்த கப்பல் எதிர்க்காற்று கிளம்பும்வரை திரும்ப முடியாது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே இருந்த போர்த்துகீசியர் தொமே பிரெஸ், சுல்தான் காலத்து ஆட்சியில் நான்கு ஷாபண்டார்கள் இருந்ததை எழுதிவைத்திருக்கிறார். கப்பல் தலைவனை எதிர்கொண்டு அழைத்து, பண்டகசாலை ஒதுக்கி, தங்க இடம் ஏற்பாடு செய்வது அவர்கள் வேலை. சோழமண்டலக் கரை வணிகர்களைப் பார்த்துக்கொள்ளவும் அவர்களில் ஒருவர் இருந்தார். பிற்காலத்தில் நகரத்தார் கீழைநாட்டு ஊர்கள் பலவற்றில் நடத்திய கிட்டங்கியும் இதே வகை. நீண்ட கூடத்தில் கடைக்கொரு பெட்டியடி. பகலில் அங்கே கணக்கு எழுதி, இரவில் அதே இடத்தில் பாய் விரிப்பார்கள். சமையல் பொது. ஊரிலிருந்து மூன்று ஆண்டுத் தவணைக்கு வந்த ஆள், தொழில் நன்றாக நடந்தாலும் படுத்தாலும் அங்கேதான் கிடப்பார். இடத்துக்கான செலவைப் பலர் பங்கிட்டுக்கொண்டதால் கெட்ட காலத்திலும் கை கடிக்கவில்லை.

தோட்டத்துக்கு வந்தால் படம் மாறுகிறது.

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் மலாக்காவில் உண்டானது. டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார், பிறகு புக்கிட் அசாகானில் பெரிய அளவில் நட்டார். ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களெங்கும் பால்மரக் காடு பரவியது. பால் வெட்டுக்கு ஆள் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. அவர்களுக்குக் கிடைத்த லயம் என்ற வரிசை வீட்டில் ஓர் அறை, ஒரு அடுப்படி, முன்னால் அஞ்சடி என்ற திண்ணை. அந்த அஞ்சடியில் எத்தனையோ உறவினர் படுத்து எழுந்திருக்கிறார்கள். திருவிழாவுக்கும் சாவுக்கும் அக்கம்பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் பாயைப் பகிர்ந்துகொண்டார்கள். யாரும் யாரிடமும் காசு கேட்டதில்லை. கேட்க முடியாததற்குப் பண்பாடு மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். வீடு கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரை கூரை இருக்கும், வேலை போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது மறுபடியும் அதே நிலைமை. தொழிலாளியே தோட்டத்தின் பங்காளியாக வேண்டும் என்று துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்த அனுபவத்திலிருந்துதான். அதுவும் மரத்தில் பங்கு கொடுத்ததே தவிர லயத்து வீட்டைத் தொழிலாளி பெயருக்கு மாற்றவில்லை.

பின்னர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். நகரை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. குடும்பங்கள் பாச்சாங், பத்து பெரெண்டாம், செங், குருபோங், புக்கிட் கட்டில், ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தாமான்களுக்கு நகர்ந்தன. மலாக்கா மாநில மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 10 லட்சம். இந்தியர் நூற்றுக்கு ஆறு பேருக்கும் சற்றுக் குறைவு. இவர்களில் பலருக்குத் தாமானில் கிடைத்த மலிவு விலை வீடுதான் மூன்று தலைமுறையில் முதல் சொந்தக் கூரை. இரண்டு அறையில் ஏழு பேர் இருக்கும்போது விருந்தாளிக்கு விற்க அறை ஏது? ஆகவே மலாக்காவில் தங்கும் வீடு நடத்தும் தமிழர் யார் என்று பார்த்தால், வெட்டுக்காடு ஏறியவரைக் காண்பது அரிது. ஆசிரியர் குடும்பம், மருத்துவமனை உதவியாளர், தோட்டத்துக் கிராணியின் பிள்ளைகள், சிங்கப்பூரில் வேலை பார்த்துச் சேர்த்தவர், ஊழியர் சேமநிதியை எடுத்து வீட்டுக் கடனை அடைத்துவிட்டு ஓய்வு பெற்றவர். கடைசியாகச் சொன்னவரைக் குறித்துக்கொள்ளுங்கள். மந்தகாலத்தில் தாக்குப்பிடிப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

அரசாங்கத்துக்கும் ஒரு ஹோம்ஸ்டே திட்டம் உண்டு. 1995-இல் பகாங் மாநிலத்துத் தெமெர்லோவில் தொடங்கியது. அதிகாரபூர்வமாக 'ஹோம்ஸ்டே' என்ற பெயர் அதற்கே உரியது, ஊர் வழக்கில் வாடகைக்கு விடும் எந்த வீடும் ஹோம்ஸ்டேதான். கிராம மக்கள் கூட்டாகச் சேர்ந்து, தாங்கள் குடியிருக்கும் வீட்டிலேயே பயணியைத் தங்கவைத்து, கம்போங் வாழ்க்கையைக் காட்டுவது அதன் நோக்கம். நல்ல திட்டம். ஆனால் சொந்த மண்ணில் சொந்த வீடு வைத்திருக்கும் கம்போங்கை மனத்தில் வைத்து வரைந்தது. தோட்டமோ கம்பெனியின் நிலம். நூறு ஆண்டு வாழ்ந்த லயத்துக்காரருக்கு அந்த வரைபடத்தில் இடமே இல்லை. பால் வெட்டு எப்படி நடக்கும், விடியற்காலை பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவது எப்படி என்று காட்டினால் பார்க்க ஆளா இல்லை?

பழைய நகரத்துக்குள்ளும் வீட்டுரிமைதான் விதியை எழுதியது. 1948 ஜனவரி இறுதிக்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பாதுகாப்பாக இருந்தது. பொற்கொல்லரும் தச்சரும் சொற்ப வாடகையில் தலைமுறையாக இருந்தார்கள். 1997-இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். இடைக்காலச் சலுகை 1999 இறுதியோடு முடிந்தது. ஆசிய நிதி நெருக்கடியின் நடுவிலேயே வாடகைதாரர்களுக்குக் கடிதம் வரத் தொடங்கியிருந்தது. அவர்கள் கிளம்பிய கடைவீடுகள் சில வருடத்தில் விருந்தினர் இல்லங்களாயின. 2008 ஜூலை 7-இல் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. இரண்டு மாதம் கழித்து நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் வங்கி கவிழ்ந்தது. உலகம் சுருங்கிய அதே பருவத்தில் மலாக்காவுக்குப் புதுப்பெயர் கிடைத்தது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயலின் லாபம் வீட்டுச் சொந்தக்காரருக்குப் போனது.

ஒரு காலத்தில் நகருக்குள் இருந்த மலாக்காச் செட்டிகள் எப்போதோ காஜா பெராங் பக்கம் குடிபெயர்ந்துவிட்டார்கள். 1781-இல் கட்டிய ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் மட்டும் ஜாலான் துக்காங் எமாஸில், மசூதிக்கும் சீனக் கோயிலுக்கும் அருகே இருக்கிறது. மலாய் பேசி, சைவ சமயம் காத்து, நாசி கெமுலி சமைக்கும் இந்தச் சமூகத்தின் கம்போங் செட்டியில் அருங்காட்சியகம் உண்டு, மாரியம்மனுக்கு டத்தோ சாச்சார் விழா உண்டு. பயணி பார்த்துவிட்டுப் படுக்கப் பழைய நகரத்து ஜோங்கர் வீதிக்குத் திரும்பிவிடுகிறார். கம்போங்கை ஒட்டி உயரமான அடுக்ககமும் ஓட்டலும் கட்டும் திட்டம் வந்தபோது எதிர்த்துப் போராட வேண்டிவந்ததே அவர்கள் பங்குக்குக் கிடைத்த 'சுற்றுலா வளர்ச்சி'.

2019-இல் மலாக்காவுக்கு 1 கோடியே 87 லட்சம் பேர் வந்ததாக மாநில அரசு சொன்னது. பெரிய எண். வெள்ளி இரவு ஜோங்கர் வீதிச் சந்தைக்கு வந்து, ஞாயிறு மதியம் ஐஸ் செண்டோல் குடித்துவிட்டுப் போகிறவர்களே இதில் மிகுதி. இவர்கள் ஆசைக்கு வருகிறவர்கள். சம்பளம் ஆட்டம் கண்டால் முதலில் விடுவது இந்த இரண்டு நாளைத்தான். திங்கள் முதல் வியாழன் வரை காலியாகக் கிடக்கும் அறை, மந்தத்தில் சனிக்கிழமையும் காலியாகும்.

வந்தே ஆகவேண்டியவர்கள் வேறு. ஒரு தமிழ்க் கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளை வீடு கிள்ளான், பெண் வீடு பத்து பெரெண்டாம். ஜொகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அத்தை, மாமா, சித்தப்பா கூட்டம். ஓட்டலில் ஐந்து அறை எடுத்தால் கட்டுப்படியாகாது, எடுத்தாலும் எல்லாரும் ஓரிடத்தில் உட்கார்ந்து பேச முடியாது. நான்கு அறை வீடு ஒன்றில் பதினெட்டுப் பேர். இவர்களைத் தங்கவைத்துப் பழகியவருக்குச் சில சங்கதிகள் கைவந்திருக்கும். வெள்ளை விரிப்பு போடமாட்டார். நலங்கு வைத்த மஞ்சளும் தலைக்கு வைத்த எண்ணெயும் வெள்ளைத் துணியில் ஏறினால் எந்தச் சலவைக்கும் போகாது. பழுப்பு, கருநீலம், பூப்போட்டது என்றுதான் அலமாரியில் அடுக்கியிருப்பார். உபரி மெத்தை குறைந்தது ஆறு இருக்கும். சேலை இஸ்திரி போட நீளமான மேசை, ஆளுயரக் கண்ணாடி இரண்டு, பூக்கூடை வைக்கக் குளிர்பெட்டியில் ஒரு தட்டு காலி. விடியற்காலை நாலு மணிக்குக் குளியலறை வாசலில் வரிசை நிற்கும் என்பதால் சுடுநீர்க் கருவி ஒன்றுக்கு இரண்டு. மண்டபத்துக்குப் போகுமுன் ஏழு மணிக்குள் இட்லியோ இடியாப்பமோ மேசைக்கு வந்தாக வேண்டும். தாமதமானால் கல்யாண வீட்டார் மன்னிக்கவே மாட்டார்கள்.

இந்த வியாபாரத்தின் கஷ்டமும் இங்கேதான். "அக்கா, நம்ம ஆளுங்கதானே, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று தொலைபேசி வராத முன்பதிவு கிடையாது. ஒருமுறை குறைத்தால் அடுத்த கல்யாணத்துக்கு அதுவே விலை, அதற்கடுத்த கல்யாணத்துக்கு அதிலும் குறைவு. தெரிந்தவர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். "ரேட்டு அதேதான் தம்பி, மறுநாள் மத்தியானம் வரைக்கும் இருந்துட்டுப் போங்க, மெத்தைக்குக் காசு வேணாம்." விலை நின்றுவிடுகிறது, கேட்டவருக்கும் கௌரவம் கிடைக்கிறது. மறுநாள் யாரும் வரப்போவதில்லை என்றால் அந்த அரைநாள் வீட்டுக்காரருக்குச் செலவே இல்லை.

கோயிலும் இதே போல. மாசி மகத்துக்கு விநாயகர் ஆலயத்திலிருந்து செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு ரதம் போகும்போது வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பங்குச்சந்தை பற்றிக் கவலை கிடையாது. நேர்ந்துகொண்டவர் வந்தே தீருவார். இவர்கள் கேட்பது புலால் படாத பாத்திரமும், தரையில் பாயும், அதிகாலைத் தண்ணீரும்தான். லயம் இடித்துத் தள்ளிய பின்னும் பல தோட்டங்களில் மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. வருடத்துக்கொரு முறை திருவிழாவுக்குப் பழைய தோட்டத்துச் சனம் எங்கெங்கோ இருந்து திரும்புகிறது. படுக்க அன்று அஞ்சடி இருந்தது. இன்று ஜாசினிலோ அலோர் காஜாவிலோ ஒரு வீடு வாடகைக்கு எடுக்கிறார்கள். மற்றவர்கள் சுற்றுலாப் பருவம் பார்த்து நாட்காட்டி வரைய, இந்த வட்டாரத்துத் தமிழ் வீட்டுக்காரர் கோயில் நோட்டீஸ்களைப் பார்த்து வரைந்தால் போதும். அவை ஆறு மாதம் முன்னதாகவே தெரியும்.

மூன்றாவது வகை விருந்தாளி தமிழரே அல்லர். சுமத்ராவின் டுமாயிலிருந்து மலாக்காவுக்குப் பயணிகள் படகு உண்டு. 1994-இல் தொடங்கிய மக்கோத்தா மருத்துவமனைக்கும் ஆயர் குரோவில் உள்ள பந்தாய் மருத்துவமனைக்கும் இந்தோனேசிய நோயாளிகள் தொடர்ந்து வருகிறார்கள். ஒருவர் சிகிச்சையில், இருவர் துணைக்கு. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு என்றால் வாரக்கணக்கு. அவர்களுக்கு நீச்சல் குளமும் வேண்டாம், பாரம்பரிய ஓடும் வேண்டாம். கஞ்சி வைக்க அடுப்பு, கீழ்த்தளத்தில் அறை, மருத்துவமனைக்கு நடந்துபோகும் தூரம். மலாய் பேசத் தெரிந்த, நோயாளிக்குக் காரமில்லாமல் ரசச்சோறு பிசைந்து தரத் தெரிந்த வீட்டம்மாவுக்கு இது பழகிய வேலை. பல்லூடகப் பல்கலைக்கழகம், டுரியான் துங்கலில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், புக்கிட் பாருவில் மணிப்பால் பல்கலைக்கழகக் கல்லூரி ஆகியவற்றின் பட்டமளிப்பு நாட்களும் இதே கணக்கில் சேரும். பிள்ளை பட்டம் வாங்கும் நாளைப் பொருளாதாரம் சரியில்லை என்று எந்தத் தாய் தகப்பனும் தவிர்ப்பதில்லை.

இனி காசுக் கணக்கு. எண்கள் உதாரணத்துக்கு, விகிதம்தான் முக்கியம். மாதத் தவணை 1,200 ரிங்கிட், இணையம், மதிப்பீட்டு வரி, குறைந்தபட்ச மின்சாரம் தண்ணீர் எல்லாம் 400 என்று வைப்போம். விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும் 1,600 ஓடும். ஓர் இரவுக்குச் சலவை, சுத்தம், பசியாறல், குளிரூட்டி என்று 60. வீட்டு வாடகை இரவுக்கு 280 என்றால் ஒவ்வோர் இரவும் 220 மிஞ்சும், எட்டு இரவு போனால் முதல் தேறிவிடும். மாதத்தில் வெள்ளி, சனி இரவுகளே எட்டு இருக்கின்றன. மந்தம் வந்ததென்று பயந்து 200-க்கு இறக்கினால் மிச்சம் 140, பன்னிரண்டு இரவு வேண்டும். அதே 200-ஐப் பதினைந்து விழுக்காடு தரகு எடுக்கும் இணையத் தளம் வழியாக விற்றால் மிச்சம் 110, பதினைந்து இரவு. ஆள் குறைகிற காலத்தில் இரவுகளை இரட்டிப்பாக்க வேண்டிய நிலை. இப்போது தவணையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அதே இறக்கிய விலையில், நேரடியாக வரும் விருந்தாளியிடமிருந்து, மூன்றே இரவில் வீடு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும். சேமநிதிப் பணத்தில் கடனை அடைத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஏன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பது இந்த ஓர் எண்ணில் இருக்கிறது.

சிறு செலவுகளில் மின்சாரம் ஒன்றைத்தான் உண்மையில் பிடித்து நிறுத்த முடியும். 2014 முதல் 2025-இன் நடுப்பகுதி வரை இருந்த வீட்டுக் கட்டணத்தில் முதல் 200 அலகுக்கு அலகொன்று 21.8 சென், 300-ஐத் தாண்டினால் 51.6 சென். அந்தக் கட்டணத்தில் ஒரு குளிரூட்டி இரவெல்லாம் ஓடினால் ஏழெட்டு அலகு, கிட்டத்தட்ட நாலு ரிங்கிட். மூன்று அறை என்றால் பன்னிரண்டு. பகலெல்லாம் ஓடவிட்டு விருந்தாளி வெளியே போனால் இருபத்தைந்தைத் தொடும். இதற்காகச் சுவரில் எச்சரிக்கை ஒட்டிவைக்கும் வீடுகளைவிட, வாசலுக்குப் பக்கத்தில் ஒரே பொத்தானில் எல்லாவற்றையும் அணைக்கும்படி கம்பி இழுத்துவைத்த வீடுகளே புத்திசாலி வீடுகள்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது வந்தே ஆகவேண்டியவர்களும் வர முடியாமல் போனார்கள். படகு நின்றது, ரதம் நின்றது, கல்யாணம் தள்ளிப்போனது. என் வாதத்தின் எல்லையும் அதுதான், சாலை மூடினால் எந்த விருந்தாளி வகையும் காப்பாற்றாது. அப்போது கைகொடுத்தது மற்ற கேள்வி, அதாவது கடன். மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதத் தவணை ஒத்திவைப்பு அறிவித்தது. அதற்குப் பிறகும் நீண்ட முடக்கத்தில் தவணை கட்ட முடியாதவர்கள் வீட்டைத் தொழிற்சாலை ஊழியர்களுக்கு மாத வாடகைக்கு விட்டார்கள். சிலர் பசியாறல் சமைத்த அதே அடுப்பில் நாசி லெமாக் பொட்டலம் கட்டித் தாமானுக்குள் விற்றார்கள். உள்நாட்டுப் பயணத்தைத் தூண்ட அரசு 1,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு தந்தது. சுற்றுலா அமைச்சிடம் பதிவு செய்த இடத்தில் தங்கியிருந்தால்தான் அது செல்லும். பதிவே இல்லாமல் வாய்வழிப் பேச்சில் நடந்த நம்மவர் வீடுகள் பலவற்றுக்கு இந்தக் கதவு திறக்கவில்லை. தவறு யாருடையது என்றால், படிவத்தைப் பார்த்ததும் நாளைக்கு என்று தள்ளிவைக்கிற நம் பழக்கத்தையும் அதில் சேர்க்கத்தான் வேண்டும்.

2021 அக்டோபர் 11-இல் மாநில எல்லைகள் திறந்தன. வெளிநாட்டு எல்லை முழுதாகத் திறக்க இன்னும் ஆறு மாதம் இருந்தது. அந்த ஆறு மாதத்தில் தமிழ் வீடுகளுக்கு வந்தவர்கள் எவர் என்று யோசித்தால் சுற்றுலா என்ற சொல்லே பொருந்தாது. தள்ளிவைத்த கல்யாணம், போக முடியாத சாவுக்குப் பின்னால் வந்த திதி, ஒன்றரை வருடம் பார்க்காத பாட்டி.

யாழ்ப்பாணத்தை இதனருகே வைத்துப் பார்க்கலாம். 2022-இல் இலங்கை ரூபாய் ஏறத்தாழ பாதி மதிப்பை இழந்தது, பெட்ரோலுக்கு வரிசை நின்றது. கொழும்புக் கடற்கரை ஓட்டல்கள் காற்று வாங்கின. நல்லூர்க் கோயிலின் 25 நாள் திருவிழாவோ நடந்தே தீரும், கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்து வரும் உறவினரின் கையில் இருப்பது டாலரும் யூரோவும். ரூபாய் விழ விழ அவர்களுக்கு அறை மலிந்தது. மலாக்காவின் சிங்கப்பூர் உறவினரும் அப்படியே. 2024 தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்றரை ரிங்கிட் கிடைத்தது. உள்ளூர்க்காரருக்கு விலைவாசியாகத் தெரிந்தது, அவர்களுக்குத் தள்ளுபடியாகத் தெரிந்தது.

அடுத்த மந்தத்துக்கான விதை நல்ல காலத்தில்தான் விழும், இப்போது விழுந்துகொண்டிருக்கிறது. நீச்சல் குளம் வைத்த தொடர்வீடு, இறைச்சி வாட்டும் அடுப்பு, கராவோக்கே என்று ஆயர் குரோவிலும் புக்கிட் பெருவாங்கிலும் கடன் வாங்கிக் கட்டியவர்கள் ஏராளம். கடலை நிரவிய நிலத்தில் எழுந்த அடுக்ககங்களில் அறை வாங்கி இணையத் தளங்களில் வாடகைக்குப் போட்டவர்கள் வேறு. 2020 ஜூலையில் 1.75 விழுக்காடாக இருந்த அடிப்படை வட்டி 2023 மே மாதம் 3 விழுக்காடானது. 3 லட்சம் ரிங்கிட் கடனை முப்பது ஆண்டுக்கு 3 விழுக்காட்டில் வாங்கியவர் மாதம் 1,265 கட்டுவார். அதுவே 4.25 ஆனால் 1,476. இந்த 211 ரிங்கிட்டை விருந்தாளியிடம் ஏற்ற முடியாது, பக்கத்து வீடும் ஹோம்ஸ்டேதான். ஆள் குறைந்தால் விலையை முதலில் உடைப்பவர்கள் இவர்களாகவே இருப்பார்கள், தவணைக்கு நாள் குறித்தாகிவிட்டது அல்லவா.

அடுக்ககத்துக்காரருக்கு இன்னொரு அபாயம் உண்டு. குறுகியகால வாடகையைக் குடியிருப்பு நிர்வாகம் தடை செய்யலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2020-இல் ஒரு கோலாலம்பூர் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. தாமான் வீட்டுக்கு அந்த நிர்வாகம் கிடையாது. அங்கே கவனிக்க வேண்டியது ஊராட்சியின் உரிமம், அதற்கும் முன்னால் அண்டை வீட்டுக்காரர். வாசலை மறித்து நிற்கும் கிள்ளான் கார்களும் இரவு பத்து மணிக்கு மேல் ஓடும் பாட்டுமே பெரும்பாலும் புகாராகப் போகின்றன. கல்யாண வீட்டார் தங்கும் வாரம் பக்கத்து வீட்டுக்கு ஒரு தூக்குப் பாயசம் கொடுத்தனுப்புவது லயத்துக் காலத்து வழக்கம். பக்கத்து வீடு சீனருடையதோ மலாய்க்காரருடையதோ ஆனாலும் அது செல்லும். இரண்டு கார்களுக்கு மேல் வந்தால் மூன்றாவதை எங்கே நிறுத்துவது என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுவது இன்னும் நல்லது.